குப்பன்மேல் வந்த சாமி

குப்பன்மேல் அம்மன் வருவதில் ஆர்ப்பாட்டமே கிடையாது. மற்ற குப்பங்களில் சாமி வந்தால் ஆடும், கத்தும், பக்கத்தில் நிற்பவன் சட்டையைப் பிடித்து உலுக்கும், சுருட்டு கேட்கும், இடத்தைப் பொறுத்து குவார்ட்டரும் கேட்கும். பட்டினப்பாக்கத்தில் கடலை ஒட்டிக் கிடக்கிற அந்தக் குப்பத்து எல்லையம்மனுக்கு இந்தச் செலவெல்லாம் இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அன்று பம்பைச் சத்தம் உச்சிக்குப் போகும். குப்பன் வேப்பிலையோடு நிற்பார். முகம் வவ்வால் மீனின் வயிறுபோல வெளுக்கும். அடுத்த நொடி, கயிறு அறுந்த பாய்மரம் மாதிரி சாய்வார். கூட்டம் மூச்சை அடக்கும். பிறகு எங்கிருந்தோ ரத்தம் பாய்ந்து முகம் செக்கச்செவேலென்று ஆகும். கண் திறக்கும். அவ்வளவுதான், அம்மன் வந்தாயிற்று. கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம்.

"நம்ம அம்மா டீசென்ட்டு" என்று குப்பத்தில் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

அந்த டீசென்ட்டான அம்மா சில வருடங்களாகத்தான் வருகிறாள். அதற்கு முன் குப்பன், ஃபைபர் படகில் நெத்திலிக்கும் காரப்பொடி மீனுக்கும் போய்வந்த, யாரும் திரும்பிப் பார்க்காத ஆள். முதல் தடவை விழுந்து எழுந்தபோது அவரே பயந்துபோனார். அடுத்த ஆடியில் பயம் பாதியானது. அதற்கடுத்த ஆடிக்குள் மஞ்சள் வேட்டி வந்துவிட்டது, டீக்கடையில் தனி டம்ளர் வந்துவிட்டது, 'சாமி வர்ற ஒடம்பு போட்ல ஏறக்கூடாது' என்ற சட்டமும் வந்துவிட்டது. படகில் ஒருநாள் கண் இருட்டி வலையோடு கடலில் சாயப்போனவரை மகன் பிரபாகர் இடுப்பைப் பிடித்து இழுத்ததுதான் அந்தச் சட்டத்துக்கு மூலம். அதை இருவரும் வெளியே சொல்லவில்லை. வீட்டில் பேச்சுகூட மாறியது. "மத்தி வேணாம்" என்று சொல்ல மாட்டார். "அம்மாவுக்கு இன்னிக்கி மத்தி ஒத்துக்காது" என்பார். மனைவி கெங்கம்மா பயபக்தியோடு வஞ்சிரத் துண்டம் ஒன்றை வறுத்துப் போடுவாள். அம்மாவுக்கு வஞ்சிரம் எப்போதும் ஒத்துக்கொண்டது.

இப்படிப்பட்ட அம்மன் இந்த ஆனி மாதம் கார்ப்பரேஷன் கக்கூஸில் வந்தாள்.

காலை நேரம். மேற்கேயிருந்து கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று வீசினால் கடலோரத்திலும் அடுப்பு முன்னால் நிற்பதுபோல இருக்கும். பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். ஆண்கள் பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். கதவைத் தட்டினால் பதில் இல்லை. பிரபாகர் தோளால் மோதித் தாழ்ப்பாளை உடைத்தான். ஈரத் தரையில் மஞ்சள் வேட்டி கிடந்தது, அதற்குள் குப்பன் கிடந்தார். நெற்றியில் குழாய் குத்தி ரத்தம்.

"சாமி வந்துகீது! கற்பூரம் எட்தாங்கடி!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. நம்ப மாட்டீர்கள், ஒருத்தி எடுத்துக்கொண்டும் வந்தாள். எங்கே வைத்து ஏற்றுவது என்று இடம் பார்த்தபடி நின்றாள்.

பிரபாகரின் மனைவி டயானா வாளியைக் கீழே வைத்தாள். சாந்தோம் பக்கத்துப் பெண். பாண்டி பஜார் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி பேசுகிற வேலை, அதனால் வாய்க்கு நல்ல பழக்கம்.

"சாமி கக்கூசுக்கு எதுக்குக்கா வரப்போவுது? மொதல்ல ஆட்டோ புடிங்க."

வரிசை சிரித்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டது. குப்பன் கண் திறந்தபோது காதில் முதலில் விழுந்தது அந்தச் சிரிப்புதான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டித் திரையில் கோடு ஓடவிட்டார்கள். கோடு குத்துக் குத்தாக ஓடியது, நடுவில் காற்றில்லாத கடல் மாதிரி நீட்டிப் படுத்தது, பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல மறுபடி குத்தியது. டாக்டர் ஜஹீதா சின்ன வயதுக்காரர். தூக்கம் பாக்கியிருக்கிற கண்களோடு கேட்டார்.

"மயக்கம் வர்றதுக்கு முன்னாடி ஏதாவது தெரியுமா உங்களுக்கு?"

"அம்மா வருவா."

"அவங்க இங்க வந்திருக்காங்களா? உள்ள கூப்பிடுங்க. குடும்பத்துல வேற யாருக்காவது ஹார்ட் பிரச்சினை உண்டான்னு கேக்கணும்."

பிரபாகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "டாக்டரம்மா, நைனா சொல்றது எல்லையம்மன."

ஜஹீதா சிரிக்கவில்லை. "சரி. அம்மன் வர்றப்ப யாராவது பல்ஸ் பாத்தீங்களா?"

அந்த யோசனை இத்தனை ஆடியில் ஒருத்தருக்கும் வரவில்லை.

"ஹார்ட்ல மேல இருக்கிற அறையிலேர்ந்து கீழ இருக்கிற அறைக்கு கரண்ட் போகணும். உங்களுக்கு அந்த வழி கெட்டுப்போச்சு. சில நேரம் போகுது, சில நேரம் போகல. போகாதப்ப ஹார்ட் நின்னுடுது. மூஞ்சி வெளுத்து விழுந்துடுவீங்க. மறுபடி ஓட ஆரம்பிச்சா ரத்தம் குப்புன்னு ஏறி மூஞ்சி சிவந்துடும். சிவக்குமே?"

பிரபாகர் தலையாட்டினான். தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்ட சிவப்பு அது.

"தோளுக்குக் கீழ தோலுக்குள்ள சின்னதா ஒரு மெஷின் வைப்போம். பேஸ்மேக்கர். ஹார்ட் நிக்கப்போறப்ப அது தட்டிக் குடுக்கும். இன்னிக்கே அட்மிட் ஆகிடுங்க."

"அத்த வெச்சாக்கா, அம்மா வர மாட்டாளா?"

"மயக்கம் வராது."

"நான் கேட்டது அது இல்லம்மா."

"எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அதுதான்."

காப்பீட்டு அட்டை இருந்தது, செலவு ஒரு தடையாக இல்லை. இருந்திருந்தால் கௌரவமாகவாவது இருந்திருக்கும், நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். குப்பன் "ஆடி போவட்டும்" என்றார். "அடுத்த தடவ நின்னா திரும்ப ஓடும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது" என்றார் டாக்டர். "நமக்கு உத்தரவாதம் குடுக்கறவ வேற" என்று சொல்லிவிட்டு, நெற்றியில் பிளாஸ்திரியோடு, அம்மனுக்கே உரிய நடையில் குப்பன் வெளியே வந்தார். படியில் இறங்கும்போது மட்டும் மகன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கெங்கம்மா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அவளால் இடத்தைவிட்டு நகர முடியாது. அந்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

கடலோரச் சாலையில் மீன் விற்கிற பெண்கள் நடைபாதையில் வரிசையாக உட்காருவார்கள். இருட்டோடு போய்க் காசிமேட்டிலிருந்து கொஞ்சம், விடிந்ததும் கரையில் ஏலத்தில் கொஞ்சம் என்று எடுத்து, ஐஸை உடைத்துப் பரப்பி, பலகைமேல் மீனை அடுக்கி, ஈ மொய்க்காமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். வரிசையில் முதல் இடம் விளக்குக் கம்பத்தடி. தலைக்குமேல் ஒரு புங்க மரத்து நிழல், பக்கத்தில் ஒரு கார் ஓரங்கட்ட வாகு. மந்தைவெளியிலிருந்தும் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்தும் வருகிறவர்கள் காரைவிட்டு இறங்குவதில்லை, கண்ணாடியை மட்டும்தான் இறக்குவார்கள். இறங்குகிற கண்ணாடிக்கு நேரே எவள் இருக்கிறாளோ அவள்தான் வியாபாரி. கடைசி இடம் கால்வாய் ஓரம். பக்கத்தில் குப்பைத் தொட்டி. அங்கே தவறாமல் வருகிற ஒரே வாடிக்கை காக்கா.

கம்பத்தடி ஒரு காலத்தில் தேவானையின் இடம். தேவானை, குப்பனின் செத்துப்போன தம்பியின் மனைவி. நடைபாதையைத் தோண்டிப் புதுசாகப் போட்டபோது எல்லார் இடமும் கலைந்தது. யார் எங்கே என்று முடியைப் பிடிக்கிற சண்டை. "அம்மாவையே கேட்டுட்டா போச்சி" என்றார் குப்பத்துத் தலைவர் சுப்புராயன். அந்த ஆடியில் குப்பன் விழுந்தார், சிவந்தார், கண் திறந்தார். அம்மன் வாக்கு வந்தது: "மூத்தவ மொதல்ல. எளையவ கடசில." மூத்தவள் கெங்கம்மா. தேவானை அங்கேயே குப்பன் காலில் விழுந்து, "உத்தரவு தாயே" என்றாள். அதுவரை 'மாமா வா, மாமா போ' என்று பேசிக்கொண்டிருந்தவள், மறுநாள் "நான் அந்தாண்ட போய்க்கறேங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு கால்வாய் ஓரம் போனாள். அம்மன் சொன்னதை எந்தக் கோர்ட்டில் போய் எதிர்ப்பது?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கெங்கம்மா வாசலில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து கவலை மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அடுப்பில் புளித் தண்ணீர் கொதித்தது. பிரபாகர் டாக்டர் சொன்னதை ஒப்பித்து முடித்தான்.

"மெஷினா?" என்றாள் கெங்கம்மா. "அம்மா குந்தற எடத்துல மெஷினா?"

"நானும் அத்ததான் சொன்னேன்" என்றார் குப்பன்.

டயானா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஒண்ணு கேக்கவா? கோச்சிக்கக்கூடாது."

"கோச்சிக்கினா மட்டும் உட்ருவியா நீ?"

"போட்ல ஒருக்கா வந்துச்சி. போன மாசம் லஸ்ஸாண்ட பஸ்ஸு ஏற சொல்லோ வந்துச்சி, இவரு சொன்னாரு. இன்னிக்கி கக்கூஸ்ல. அங்கெல்லாம் அம்மா இன்னா வாக்கு சொன்னா?"

குப்பன் நெற்றிப் பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பஸ்ல ஒண்ணியும் சொல்லலியா? கண்டக்டராண்ட கூட?"

"ஏய், கம்முனு கெட" என்றான் பிரபாகர். ஆனால் அவன் உதடு சிரிப்பை அடக்கப் பாடுபட்டது.

கெங்கம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கோயிலுக்கே வராத பொண்ணு நீ, எங்க அம்மாவ பத்தி உனுக்கு இன்னாடி தெரியும்?"

"எங்க மாதாவும் காட்சி குடுப்பாங்க அத்தே. ஆனா மீன் விக்க எடம் பிரிச்சி குடுத்து நான் கேட்டதில்ல."

அருவாமனையில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது. கவலை மீனின் வயிறு பாதி கிழிந்தபடி இருந்தது. முதல் மழைத் துளிகள் தகரத்தில் விழுந்தன, யாரும் எழுந்து துணி எடுக்கவில்லை.

"யோவ்" என்றாள் கெங்கம்மா, தலை நிமிராமல். "அவ கெடக்கறா. நீ சொல்லு. அன்னிக்கி அந்த எடத்த சொன்னது யாரு?"

"அம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அதைச் சொல்லப் பழகிய வாய்தான். ஆனால் காலையில் கக்கூஸ் வரிசை சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் இருந்தது.

"கண்ண தொறந்தேன். எதுக்க உன் மூஞ்சிதான் தெரிஞ்சிது. சொம்புல தண்ணி வெச்சிக்கினு அய்துக்கினு நின்ன. சுத்தி எல்லாரும் சொல்லு தாயே, சொல்லு தாயேன்றான். வாயில வந்துடுச்சி."

"வந்துச்சா, வர வெச்சியா?"

"சொல்ல சொல்லோ தெரியல. சொல்லி முடிச்சப்பால தெரிஞ்சிது."

"தெரிஞ்சப்பால?"

"அவ கால்ல உய்ந்துட்டா. கால்ல உய்ந்தவளாண்ட, எயுந்துரு, சும்மா சொன்னேன்னு எப்டி சொல்றது?"

கெங்கம்மா கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"தெனம் பலக போட்டதும் கற்பூரம் ஏத்துவேன்யா அங்க. அம்மா குடுத்த எடம்னு. ஒருநா அவ கூடயில பாதி மீனு விக்காம நாறிப்போச்சி. எதுக்க வந்து நிக்கறா. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? 'அம்மா உன்ன சோதிக்கறாடி, பொறுத்துக்கோ'ன்னேன். இந்த வாயால சொன்னேன்."

அன்று குழம்பு கொதித்து இறங்கியது. டயானாவும் பிரபாகரும் சாப்பிட்டார்கள். குப்பனுக்கும் தட்டு வந்தது. அம்மாவுக்கு ஒத்துக்குமா என்று யாரும் கேட்கவில்லை. கெங்கம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் வியாபாரத்துக்குப் போன பிறகு சுப்புராயன் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வீட்டுக்குள் இரண்டு பேரிடம் பேசினாலும் மைக் முன்னால் நிற்கிற குரல். "நலம் விசாரிக்க வந்தேன்" என்று ஆரம்பித்தார்.

"சுப்புராயா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் குப்பன். "அது அம்மா இல்லபோலகீது. ஹார்ட்டு."

சுப்புராயன் அசரவில்லை. "அண்ணே, ஹார்ட்ட நிறுத்தறது யாரு? அம்மா. அவ உள்ள வரணும்னா கொஞ்ச நேரம் ஹார்ட்டு ஒதுங்கி வழி உடணுமா, வாணாமா? டாக்டரு சொல்றதும் கரீட்டு, நம்ம சொல்றதும் கரீட்டு. இதான் விஞ்ஞானம்."

"மெஷின் வெக்கணும்ன்றாங்க."

"வையி! யாரு வாணான்னா? ஆடி முடியட்டும். நோட்டீஸ் அடிச்சாச்சி. கொட்டிவாக்கத்துலேர்ந்து ஆளுங்க வராங்க, நம்ம அம்மாவ பாக்க. அவங்க முன்னால நீ பாட்டுக்கு மெஷின வெச்சிக்கினு குத்துக்கல்லாட்டம் நின்னா, குப்பத்து மானம் இன்னா ஆவறது?"

"அதுக்குள்ள நான் பூட்டேன்னா?"

சுப்புராயன் குரலைத் தாழ்த்தினார். மைக்கைக் கையால் மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. "அப்டி ஒண்ணு ஆச்சின்னா, தாயி முன்னால போன உசுருண்ணே அது. சும்மா உட்ருவமா? அந்த லைட்டு கம்பத்தாண்ட உனுக்கு ஒரு மேடை. டைல்ஸ் போட்டு, கம்பி போட்டு. வருசா வருசம் பூஜ."

"அந்த எடத்ததான் தேவானைக்கு திருப்பி குடுக்கலாம்னு..."

"அண்ணே!" சுப்புராயன் எழுந்தே விட்டார். "ஒண்ண பிரிச்சா எல்லாத்தையும் பிரிக்கணும். என் மச்சான் போட்ட கரையேத்தற எடம் யாரு சொன்னது? அம்மா. கோயிலு பின்னால என் ரூமு? அம்மா. வாக்கு குடுத்தவ அவ. வாபஸ் வாங்க நீ யாரு?"

அவர் போன பிறகு குப்பன் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒன்றை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. டைல்ஸ் மஞ்சளா, பச்சையா என்று அவர் ஒரு கணம் யோசித்தார். மஞ்சள்தான் எடுப்பாக இருக்கும் என்று முடிவுகூடச் செய்துவிட்டார். என்ன செய்தோம் என்று உறைத்தபோது, பார்ப்பதற்கு யாருமே இல்லாத அந்த அறையில் முகம் சுட்டது. துண்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார். தடுப்புக்கு அந்தப்பக்கம் வேலைக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்த டயானா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கேட்டால், கெங்கம்மாவும் கேட்ட மாதிரிதான்.

அடுத்த நாள் காலை வெளியே இருந்து யாரோ கூப்பிட்டார்கள்: "குப்பண்ணா, உன் பொண்டாட்டி எங்க குந்திகீது பாரு."

சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து சாலைக்கு வந்தார். கம்பத்தடி காலி. கெங்கம்மா கால்வாய் ஓரத்தில், தேவானைக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய சங்கரா மீனைக் காக்கா குறிபார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கார் வழக்கம்போலக் கம்பத்தடியில் வந்து நின்றது, கண்ணாடி இறங்கியது, வெறும் சிமெண்டைப் பார்த்தது, ஏறியது, போனது.

"இன்னா இது?" என்றார் குப்பன்.

தேவானைதான் பதில் சொன்னாள். ஒல்லியான முகம், எதையும் வெளியே விடாத கண். "நான் ஒண்ணியும் கேக்கலீங்க மாமா. அக்காவா வந்து குந்திக்கினு, நீ அங்க போடின்னுது. உத்தரவு இல்லாம நான் எப்டி போவேன்? போட்டவளாண்ட நீங்களே கேட்டு சொல்லுங்க."

அதில் பக்தி எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று குப்பனால் பிரிக்க முடியவில்லை. வரிசையில் இருந்த பெண்களெல்லாம் மீனுக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கெங்கம்மா எழுந்து அவரைக் குப்பைத் தொட்டிக்கு மறைவில் இழுத்துப் போனாள். "செத்தாக்கண்டி மேடை கட்டுவானுங்களாமே?"

"சுப்புராயன் ஏதோ உளறிக்கினு..."

"நீ வேணான்னு சொன்னியா?"

குப்பன் கால்வாயைப் பார்த்தார்.

"அந்த மேடையில தெனம் வௌக்கு ஏத்தப்போறது யாருய்யா? நானு. அந்த பொய்க்கு பூ வாங்கி போடப்போறது நானு. என்னால ஆவாது. நீ போய்ட்டா இது அப்டியே சாமியா நின்னுடும். மெஷின வெச்சிக்கினு உசுரோட வா. வந்து அவளாண்ட நீயே சொல்லு."

"எல்லாரும் சிரிப்பாங்க கெங்கா."

"சிரிக்கட்டும். கக்கூஸ்ல சிரிச்சாங்களே, செத்தா பூட்ட?"

அன்றைக்கே அட்மிட் ஆனார்.

ஆபரேஷன் அறையில் ஆளை மயக்கவில்லை, தோளை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். உள்ளே எதையோ இழுப்பதும் தள்ளுவதும் தெரிந்தது. பச்சைத் துணிக்கு மேலே இரண்டு பேர், மத்தியானம் கேன்டீனில் என்ன இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தன்னுடைய நெஞ்சை, ஊரே கைகூப்பிய நெஞ்சை, குழாய் ரிப்பேர் மாதிரி அவர்கள் பார்த்ததில் குப்பனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மறுநாள் ஜஹீதா வந்தார்.

"எப்படி இருக்கு இப்ப?"

"நிக்கவே மாட்டேங்குது."

"அதுக்குத்தானே வெச்சது. இடது கைய கொஞ்ச நாளைக்குத் தோளுக்கு மேல தூக்காதீங்க. கனமும் தூக்கக்கூடாது."

தையல் காய்வதற்குள் ஆடி வந்தது. சுப்புராயனின் நோட்டீஸில் குப்பன் பெயர் இருந்ததால் அவர் நின்றே ஆக வேண்டியிருந்தது. கோயில் முன்னால் பந்தல், அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. கொட்டிவாக்கத்து ஆட்கள் முன்வரிசையில். வேப்பிலையைக் கையில் திணித்து, "சும்மா கண்ண மூடிக்கினு நில்லு, வந்தா வரட்டும்" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார் சுப்புராயன்.

பம்பை ஆரம்பித்தது. ஏறியது. உச்சிக்குப் போனது. கூட்டம் குப்பன் முகத்தைப் பார்த்தது. முகம், காலையில் இருந்த அதே நிறத்தில் இருந்தது. பம்பைக்காரர்கள் இறங்கி வந்து மறுபடி ஏறினார்கள். வியர்வை சொட்டியது. முகம் அசையவில்லை. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவியைத் துண்டால் மறைத்தார்.

குப்பன் கண்ணைத் திறந்தார். எதிரே, கூழ் அண்டாவின் அருகில் கரண்டியோடு தேவானை நின்றாள். நாலடி நடந்து அவள் முன்னால் போனார். கையைக் கூப்பினார்.

"வராது" என்றார். "எப்பியும் வந்ததில்ல. எடத்த சொன்னது அம்மா இல்ல தேவானை. நானு."

சுப்புராயனுக்கு உதடு படிக்கத் தெரியும் போலிருக்கிறது. பம்பைக்காரர்களைப் பார்த்துக் கையை ஒரு சுழற்றுச் சுழற்றினார். காதைப் பிளக்கிற அடி. குப்பன் இன்னும் சத்தமாகச் சொன்னார், பம்பை அதைவிடச் சத்தமாக அடித்தது. கூப்பிய கை, நடுங்குகிற வாய், கண்ணில் தண்ணீர். கூட்டம் பார்த்தது அவ்வளவுதான். "தாயே!" என்று யாரோ கத்த, பெண்கள் குலவையிட்டார்கள். கொட்டிவாக்கத்து ஆட்கள் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வாழ்நாளில் ஒருமுறை உண்மை சொன்ன குப்பனுக்கு, இதுவரை வந்ததிலேயே பெரிய சாமி அன்றைக்கு வந்ததாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

தேவானைக்கு மட்டும் கேட்டிருந்தது. அவள் ஒரு சொம்புக் கூழை அவர் கையில் வைத்தாள். காதருகே குனிந்தாள்.

"நாளிக்கி கம்பத்தாண்ட வாங்க. பம்பை இல்லாத எடத்துல சொல்லுங்க."

மறுநாள் காலை கடல் தட்டையாகக் கிடந்தது. கரையில் ஏலம் முடிந்து பெண்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். குப்பன் வெள்ளை வேட்டியில் வந்தார். மஞ்சள் வேட்டி ஈரமாக இருப்பதாக, யாரும் கேட்காதபோதும் சொல்லிக்கொண்டார். கால்வாய் ஓரத்தில் இருந்த தேவானையின் பலகையை வலது கையால் இழுத்தார். தூக்க முடியாது, இழுக்கத்தான் முடிந்தது. பலகை சிமெண்டில் கிரீச் கிரீச்சென்று உரசிக்கொண்டே வரிசை முழுக்க வந்தது. ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. பின்னால் தேவானை கூடையோடு நடந்து வந்தாள். 'நான் தூக்கிக்கறேன்' என்று சொல்லவில்லை.

கம்பத்தடியில் பலகை நின்றது. அவள் ஐஸைப் பரப்பினாள், சங்கராவைச் சிவந்த முதுகு மேலே தெரிய அடுக்கினாள், தண்ணீர் தெளித்தாள். உட்கார்ந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு கார் வந்து ஓரங்கட்டியது. கண்ணாடி இறங்கி உள்ளிருந்து குளிர்காற்று வந்தது.

"இங்க கெங்கம்மா இருப்பாங்களே, எங்க? உடம்பு சரியில்லையா?"

வரிசை முழுக்க அவரையே பார்த்தது. காது அடைத்தது. இதுதான் நேரம் என்று குப்பனுக்குத் தோன்றியது. இருட்டு வருகிற நேரம். கண்ணை மூடிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தார். விழுந்துவிட்டால் போதும். யாராவது கற்பூரம் எடுத்து வருவார்கள், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நெஞ்சு அடித்தது. மறுபடி அடித்தது. தையல் போட்ட இடத்துக்குக் கீழே, ஒன்றுகூடத் தப்பாமல், இரக்கமே இல்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

கண்ணைத் திறந்தார். எல்லாரும் அப்படியே இருந்தார்கள்.

"இது கெங்கம்மா எடம் இல்ல சார்" என்றார். பம்பை இல்லாததால் குரல் கடைசிவரை போனது. "தோ, இவ எடம். அம்மா பேர சொல்லி நான் புடுங்கி என் பொண்டாட்டிக்கி குடுத்துட்டேன். அம்மா ஒண்ணியும் சொல்லல. எனுக்கு ஹார்ட்டு கோளாறு."

கால்வாய் ஓரத்தில் கெங்கம்மா தலை நிமிராமல் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

காரில் இருந்தவர் குப்பனை மேலும் கீழும் பார்த்தார். "சரிங்க" என்றார். பிறகு பலகையைப் பார்த்தார். "சங்கரா ஃப்ரெஷ்ஷா?"

"இப்பத்தான் எறங்கிச்சி சார். செவுள பாருங்க" என்றாள் தேவானை. எடை போட்டாள், பையில் கட்டினாள், கண்ணாடி வழியாக நீட்டினாள். கார் போனது.

குப்பன் நின்றுகொண்டே இருந்தார். திட்டுவாள், காறித் துப்புவாள், போனது போவட்டும் என்பாள், ஏதாவது ஒன்று சொல்வாள் என்று நின்றார். தேவானை பலகைக்குத் தண்ணீர் தெளித்தாள். சாலையில் இன்னொரு கார் வேகம் குறைந்து ஓரம் வந்தது.

"மாமா" என்றாள். "கண்ணாடிக்கு நேரா நிக்கற. தள்ளி நில்லு."

தள்ளி நின்றார்.